பொறியியல் முதலாண்டு: படிப்பார்வம் எங்கே வடிகிறது, எதைச் செய்தால் திரும்புகிறது

முதல் மாதத்தில் யாருக்கும் ஆர்வத்தில் குறை இருக்காது. புது கால்குலேட்டர், புது நோட்டு, முன்வரிசையில் இடம் பிடிக்கும் ஓட்டம். ஐந்தாம், ஆறாம் வாரத்தில்தான் வகுப்பின் முகம் மாறும். பின்வரிசைகள் முதலில் நிரம்பும். அசைன்மென்ட்டை ஒருவர் போட, முப்பது பேர் பார்த்து எழுதுவார்கள். "படிக்கணும்னு தெரியுது, உட்கார்ந்தா மனசு ஒட்ட மாட்டேங்குது" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

ஏன் சரியாக அந்த வாரங்கள்? மூன்று காரணங்கள் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. பள்ளியில் ஒரு மாதம் நடந்த பாடம் இங்கே ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. முதல் தேர்வுத் தாள் கைக்கு வருகிறது. பள்ளியில் முதல் ஐந்து இடங்களில் இருந்தவர், தன்னைப் போலவே முதல் ஐந்தில் இருந்தவர்கள் நிறைந்த அறையில் நாற்பதாவது ஆளாகிறார். இந்த மூன்றாவது காரணத்தைக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலேயே ஆராய்ந்து எழுதினார். சிறிய குளத்தில் பெரிய மீனாக இருந்தவர் பெரிய குளத்துக்கு வந்ததும், திறமை துளியும் குறையாமலே தன்னைப் பற்றிய மதிப்பீடு இறங்கிவிடுகிறது. நாற்பதாவது இடத்தில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவர் "நமக்கு இது வராது" என்று தானே முடிவு செய்துகொள்கிறார்.

இரண்டு கேள்விகள், ஒரு மாறுவேடம்

ஒருவர் ஒரு பாடத்தில் உழைப்பாரா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன என்பது உளவியலாளர் ஜாக்குலின் எக்லெஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த கோட்பாடு. "என்னால் இது முடியுமா?" என்பது ஒன்று. "இது எனக்கு எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்கு அருகே போனாலும் உழைப்பு நின்றுவிடும்.

முதலாண்டில் கேட்கும் குரல் பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான். "சிவில் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு? கம்ப்யூட்டர் படிக்கிறவளுக்கு கிராபிக்ஸ் எதுக்கு?" கேள்வியில் நியாயம் உண்டு. முதலாண்டுப் பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம், கிராபிக்ஸ் எனப்படும் பொறியியல் வரைபடம் என்றுதான் இருக்கும். சேர வந்த துறையின் வாசனையே அடிக்காது. ஆனால் உற்றுக் கவனித்தால், அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலருக்கு உள்ளே உடைந்திருப்பது முதல் கேள்வி. "எனக்கு வரவில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்வது கூச்சம். "இது எதுக்கு?" என்று கேட்பதில் கூச்சம் இல்லை. வராத பாடத்தைத்தான் தேவையற்ற பாடம் என்று மனம் ஒதுக்குகிறது. தனக்கு நன்றாக வரும் பாடத்தைப் பார்த்து "இதனால் என்ன பயன்" என்று கேட்கும் மாணவர் மிகவும் அரிது.

ஆகவே இரண்டில் எது உடைந்திருக்கிறது என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனை எளிது. பிடிக்காத பாடத்தில், இப்போது நடக்கும் அத்தியாயத்துக்கு இரண்டு படி கீழே உள்ள ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பகுதி பின்னங்கள் மூலம் தொகையிடல் நடக்கிறது என்றால், வெறும் பகுதி பின்னமாகப் பிரிக்கும் கணக்கு. அது வந்துவிட்டு, அடுத்ததையும் போட்டுப் பார்க்கலாம் என்று கை தானாகப் போனால், உங்களிடம் ஆர்வம் இருக்கிறது, இடையில் ஒரு படிதான் உடைந்திருக்கிறது. நன்றாகவே வருகிறது, ஆனாலும் சலிப்பாக இருக்கிறது என்றால்தான் உண்மையான "எதற்கு" பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்காரரை உட்காரவைத்து வேலைவாய்ப்பு, எதிர்காலம் என்று இரண்டு மணி நேரம் பேசுவது, பசியோடு இருப்பவருக்குச் சமையல் குறிப்பு வாசித்துக் காட்டுவது போலத்தான்.

உடைந்த படியைக் கண்டுபிடிப்பது

ஒரு மாலை நேரத்தில் 40 நிமிடம் ஒதுக்கி, பள்ளிப் பாடத்திலிருந்து 20 சிறு கணக்குகள் போட்டுப் பாருங்கள். பின்னங்களைச் சுருக்குதல் 3, மடக்கை விதிகள் 3, முக்கோணவியல் 4, வகையிடல் 4, விசையைக் கூறுகளாகப் பிரித்தல் 3, அலகு மாற்றம் 3. கால்குலேட்டர் வேண்டாம். எதில் பாதிக்கு மேல் தவறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஒவ்வொரு ஓட்டையும் வேறோர் இடத்தில் ஒழுகும், அதனால்தான் மாணவர்கள் இடத்தைத் தப்பாகக் கணிக்கிறார்கள். "எனக்கு இன்டகிரேஷன் வராது" என்பவரின் தாளைப் பார்த்தால், தொகையிடும் படி சரியாக இருக்கும். அதற்கு முந்தைய இயற்கணிதத்தில் குறி மாறியிருக்கும். "டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் புரியவே இல்லை" என்பவர், கூட்டலின் மடக்கையை மடக்கைகளின் கூட்டலாகப் பிரித்து எழுதியிருப்பார். பெருக்கலுக்குத்தான் அந்த விதி. மெக்கானிக்ஸில் சறுக்குத்தளக் கணக்கில் தடுமாறுபவரில் பாதிப் பேர் சைன் எங்கே, கொசைன் எங்கே என்று ஊகிக்கிறார்கள். இதற்கு மனப்பாடமே தேவையில்லை. சாய்வுக் கோணத்தைப் பூஜ்யம் என்று வைத்துப் பாருங்கள். தளம் தரையோடு தரையாகிவிட்டது, பொருள் சறுக்காது. ஆக, சறுக்கும் திசையில் உள்ள கூறு பூஜ்யமாக வேண்டும். பூஜ்ய டிகிரிக்குப் பூஜ்யம் தருவது சைன். எனவே தளத்தின் வழியே எடை பெருக்கல் சைன், தளத்துக்குச் செங்குத்தாக எடை பெருக்கல் கொசைன். பத்து விநாடி வேலை. ஒரு முறை இப்படிச் சரிபார்த்தவர் பிறகு ஊகிப்பதை விட்டுவிடுவார். முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைத்தான் ஆர்வம் என்கிறோம்.

ஓட்டையை அடைக்க எத்தனை நாள்? பெரும்பாலும் ஒரு தலைப்புக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் போதும். பள்ளிப் புத்தகத்தைத் திரும்ப எடுப்பது அவமானம் என்று நினைப்பவர்கள்தான் செமஸ்டர் முழுவதும் தத்தளிக்கிறார்கள். தாய்மொழியில் படித்துவிட்டு வேறு மொழியில் பாடம் கேட்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் 60 அல்லது 70 கலைச்சொற்களை இரு மொழியிலும் எதிரெதிரே எழுதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் அந்தப் பக்கம் தேவைப்படாமல் போகும். பாடம் புரியாததற்கும் சொல் புரியாததற்கும் உள்ள வேறுபாடு தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

படித்ததாகத் தோன்றுவதும் படித்திருப்பதும்

உழைப்புக்கு மதிப்பெண் வராததுதான் ஊக்கத்தை மிக வேகமாகக் கொல்கிறது. நான்கு முறை வாசித்துவிட்டுப் போனவருக்குத் தாளில் எதுவும் வரவில்லை என்றால், "உழைத்தும் பயனில்லை" என்று முடிவெடுப்பார். அவர் உழைத்தது உண்மைதான், முறைதான் தவறு.

2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் நடத்திய ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது நான்கு தடவை வாசித்த குழுதான்.

பொறியியல் பாடத்துக்கு இதை இப்படிப் பொருத்தலாம். தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "முந்தைய வரியிலிருந்து இது எப்படி வந்தது" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் அதே கணக்கைப் போடுங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்தக் கோடுதான் அன்றைய படிப்பின் உண்மையான விளைச்சல். பிறகு எண்களை மாற்றி அதே வகையில் இன்னொன்று. மறுநாள் ஒன்று, நான்காம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று. ஒரே நாளில் ஒரே வகையில் 15 கணக்கு போடுவதைவிட, நான்கு நாள்களில் பரவிய ஆறு கணக்கு அதிகம் நிற்கும்.

எவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். விடையை இரண்டாம் நிமிடமே பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. இரண்டு மணி நேரம் முட்டினால் வெறுப்பு வரும். 20 நிமிடம் நியாயமான அளவு. அதற்குள் வராவிட்டால் "எனக்குத் தெரிந்தவை இவை, இந்த இடத்தில் இது தெரியவில்லை" என்று இரண்டு வரி எழுதிவிட்டுக் கேட்கப் போங்கள். இப்படி எழுதிக்கொண்டு வருபவருக்கு ஆசிரியர் மூன்று நிமிடத்தில் வழி சொல்லிவிடுவார். "சார், இந்த அத்தியாயமே புரியலை" என்று வருபவருக்கு என்ன சொல்வது என்று ஆசிரியருக்கே தெரியாது.

கிராபிக்ஸ், நிரலாக்கம்

இந்த இரண்டு பாடங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளியில் இவற்றின் நிழல்கூடப் படாமல் வருபவர்கள் அதிகம். "இது பிறவியிலேயே சிலருக்குத்தான் வரும்" என்ற எண்ணம் ஒட்டிக்கொள்வதும் இவற்றில்தான்.

கிராபிக்ஸில் பலர் விழும் இடம், இரண்டு தளங்களுக்கும் சாய்ந்திருக்கும் கோட்டின் வீழல், அதாவது அந்தத் தளங்களில் அது எப்படித் தெரியும் என்பது. படிகளை மனப்பாடம் செய்பவர், கேள்வியில் கொடுத்த தகவலின் வரிசை மாறினால் திணறுவார். ஒரு தடித்த அட்டை நோட்டை 90 டிகிரிக்குத் திறந்து மேசையில் வையுங்கள். நிற்கும் அட்டை செங்குத்துத் தளம், படுத்திருக்கும் அட்டை கிடைத் தளம், நடுமடிப்பு எக்ஸ்-ஒய் கோடு. பென்சிலை இரண்டுக்கும் இடையே சாய்த்துப் பிடியுங்கள். நேர் எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நிற்கும் அட்டையில் தெரிவது முகப்புத் தோற்றம். நேர் மேலிருந்து பார்த்தால் கீழே தெரிவது மேல்தோற்றம். இரண்டிலும் பென்சில் தன் உண்மை நீளத்தைவிடக் குட்டையாகத்தான் தெரியும். இப்போது பென்சிலை மெல்லத் திருப்பி நிற்கும் அட்டைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். முகப்புத் தோற்றத்தில் முழு நீளமும் வந்துவிடும். தாளில் வட்டவில் போட்டு எக்ஸ்-ஒய் கோட்டுக்கு இணையாகக் கொண்டுவருகிறோமே, அது இந்தத் திருப்பல்தான். கடைசியாகக் கீழ் அட்டையை மடிப்பில் திருப்பி நிற்கும் அட்டைக்கு நேர் கீழே தொங்கவிட்டால், முதல் கோண முறையில் மேல்தோற்றம் ஏன் எக்ஸ்-ஒய் கோட்டுக்குக் கீழே வருகிறது என்பதும் கண்ணால் தெரிந்துவிடும்.

இடம்சார் கற்பனைத் திறன் பயிற்சியால் வளரும் என்பதற்கு நல்ல சான்று மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சார்பி நடத்திய பயிற்சி வகுப்பு. 1993இல் தொடங்கிய அந்த வகுப்பில் பொருள்களைக் கையால் வரைந்து, மனத்தில் சுழற்றிப் பழகியவர்கள் தேறினார்கள், தொடர்ந்து பொறியியலிலும் நின்றார்கள். மாணவியரிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

நிரலாக்கத்தில் ஊக்கத்தைக் கெடுப்பது திரை நிறைய வரும் பிழைச் செய்திகள். 14 பிழை என்று வந்ததும் கை ஓய்ந்துவிடுகிறது. சி மொழியில் ஒரே ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலே அடுத்தடுத்த வரிகளும் பிழையாகத் தெரியலாம். முதல் பிழையை மட்டும் சரிசெய்து, உடனே திரும்ப கம்பைல் செய்யுங்கள். 14 பெரும்பாலும் இரண்டாகும். எட்டாம் வரி என்று காட்டினால் ஏழாம் வரியின் கடைசியையும் பாருங்கள். அரைப்புள்ளி விடுபட்டதை கம்பைலர் அடுத்த வரியைப் படிக்கும்போதுதான் உணரும். பிழையே காட்டாமல் தவறான விடை வந்தால் மூன்று இடங்களைச் சந்தேகப்படுங்கள். ஒப்பிட வேண்டிய இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி. பத்து இடமுள்ள அணியில் கடைசி எண் 9 என்பதை மறந்து பத்து வரை போன சுற்று. சுற்றுத் தொடங்கும் வரியின் முடிவில் தெரியாமல் விழுந்த அரைப்புள்ளி.

நகலெடுத்து ஒட்டிய நிரல் ஓடினாலும் மகிழ்ச்சி தராது. தட்டச்சு செய்யுங்கள், ஓடவிடுங்கள், பிறகு ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். ஓடவிடும் முன் என்ன வரும் என்று தாளில் எழுதுங்கள். ஊகம் தப்பினால் அங்கே ஒரு புது விஷயம் இருக்கிறது. ஐந்து நாள் இப்படிச் செய்தவர் ஆறாம் நாள் யாரும் சொல்லாமலே உட்காருவார்.

"எதற்கு" என்பதற்கு ஒரு விடை, ஒரு மேசையில்

படி ஒட்டுப்போட்ட பிறகும் சலிப்பு இருந்தால் அங்கே "எதற்கு" உண்மையான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கையில் கொடுப்பது மேல். கணிதம், இயற்பியல், மின்னியல் மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கும் ஒரு சிறு சோதனை இது. அரை மணி நேரம் போதும்.

வேண்டியவை: 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, கடைசியில் தங்கம்), 1000 மைக்ரோ ஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கி ஒன்று, அதை வடிக்க 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று, மல்டிமீட்டர், நேரம் பார்க்க ஒரு ஃபோன். மீட்டரை நேர்மின்னழுத்தம் 20 வோல்ட் எல்லையில் வையுங்கள். மின்னோட்ட எல்லையில் வைத்துப் பேட்டரியைத் தொட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். முதலில் பேட்டரியை அளந்து எழுதுங்கள். புதியது 9க்குச் சற்று மேலே காட்டும். மின்தேக்கியின் உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. மாற்றி இணைத்தால் அது சூடாகும், வெடிக்கவும் கூடும். ஏற்கனவே உள்ளே மின்னேற்றம் இருக்கலாம், எனவே 1 கிலோ ஓம் தடை ஒன்றை அதன் இரு முனைகளிலும் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வடித்துவிடுங்கள்.

பேட்டரி, தடை, மின்தேக்கி மூன்றையும் தொடராக இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளில் மீட்டரை வைத்து, ஒருவர் விநாடி சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். பேட்டரி சரியாக 9 வோல்ட் என்றால் 10ஆம் விநாடி 5.69 அளவில் வரும். 20இல் 7.78. 30இல் 8.55. 50இல் 8.94. தடை, தேக்குதிறன் இரண்டையும் பெருக்கினால் 10 விநாடி. அந்த நேரத்தில் 63.2 சதவீதம் ஏறுகிறது. ஏன் 63.2? ஒன்றிலிருந்து 2.718இன் தலைகீழைக் கழித்துப் பாருங்கள். கணிதப் புத்தகத்தில் எங்கிருந்தோ குதித்ததாகத் தோன்றிய அந்த எண் மீட்டரில் வந்து நிற்கிறது.

அடுத்து, இன்னும் ஏற வேண்டிய மீதத்தை மொத்தத்தால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிரே வரைபடத்தாளில் குறியுங்கள். புள்ளிகள் கழித்தல் 1, கழித்தல் 2, கழித்தல் 3 என்று ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கும். வளைந்திருந்ததை மடக்கை நிமிர்த்திவிட்டது. மடக்கை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. ஆறும் சூடான நீரின் வெப்பநிலைக்கும் இதே சமன்பாடுதான், எழுத்துகள் மட்டும் மாறும்.

இதில் தவறுகள் நடக்கும், நடக்கட்டும். 10 விநாடிக்குப் பதில் 11 அல்லது 12இல் அந்த அளவு வந்தால் பயப்பட வேண்டாம். இவ்வகை மின்தேக்கியின் உண்மை மதிப்பு, எழுதியதிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருப்பது சகஜம். கண்மூடி முடிப்பதற்குள் ஏறிவிட்டால் ஆரஞ்சுக்குப் பதில் சிவப்புப் பட்டை, அதாவது 1 கிலோ ஓம், கையில் வந்திருக்கிறது. 9 வோல்ட்டை முழுதாகத் தொடவே இல்லை என்றால் மின்தேக்கிக்குள் கசிவு இருக்கிறது. இந்த விலகல்களுக்குக் காரணம் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பொறியியல். லேப் ரெக்கார்டில் "சரியான" எண்களை எழுதிக் கொடுக்கும் பழக்கம் அந்தச் சுவையை முதலாண்டிலேயே பறித்துவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சோதனை வசதி இல்லாத பாடங்களுக்கு எழுத்து உதவும். ஹுல்மனும் ஹராக்கிவிச்சும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடம் தம் வாழ்வோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று அவ்வப்போது தாமே எழுதினார்கள். நமக்கு வராது என்று எண்ணியிருந்தவர்களுக்கு ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. ஆசிரியர் பட்டியல் போட்டுச் சொல்வதைவிட மாணவர் தானே தேடி எழுதுவது நல்லது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அரைப் பக்கம், ஒரே ஒரு தலைப்பு.

எந்த ஊக்கம் தாங்கும்

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் ஊக்கத்தை "உண்டு, இல்லை" என்று பார்க்காமல் ஒரு நீண்ட படிக்கட்டாகப் பார்த்தார்கள். அடிப்படியில் தண்டனைப் பயமும் பரிசு ஆசையும். அதற்கு மேல், படிக்காவிட்டால் தன்னையே நொந்துகொள்ளும் குற்ற உணர்வு. அதற்கும் மேல் "இது கஷ்டம்தான், ஆனால் நான் போக நினைக்கும் இடத்துக்கு இது வேண்டும்" என்ற தெளிவு. உச்சியில் செயலிலேயே கிடைக்கும் சுவை.

முதலாண்டு மாணவர் உச்சியில் நிற்க வேண்டியதில்லை. "உனக்கு பேஷன் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அது இல்லாத குற்ற உணர்வையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். மூன்றாவது படி போதும், நான்கு ஆண்டும் தாங்கும். குடும்பம் சொல்லிச் சேர்ந்தவர்களும் அந்தப் படிக்கு வந்துசேர்வதைப் பார்க்கலாம். சொந்தமாக எடுத்த சிறு முடிவுகள் அதற்கு உதவும். எந்தத் தலைப்பில் மினி புராஜெக்ட், எந்த நேரத்தில் படிப்பு, யாரோடு படிப்பு என்பவற்றையாவது அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணுக்குப் பரிசு பேசாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனையில், படம் வரைவதை விரும்பிய குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொன்னபோது, பிறகு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. மகனோ மகளோ தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், இந்த வாரம் எந்தப் பாடம் கடினமாக இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாமல் இருப்பதுதான் சிரமம்.

சேர்ந்து படிப்பது

கணித ஆசிரியர் யூரி ட்ரைஸ்மன் 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் மாணவர்களைக் கவனித்தபோது, நன்றாக உழைத்தும் பின்தங்கியவர்கள் தனித்தனியாகப் படிப்பதையும், தேறியவர்கள் தனியாகப் போட்ட கணக்கைப் பிறகு சேர்ந்து சரிபார்ப்பதையும் கண்டார். அவர் அமைத்த பயிலரங்குகளில் எளிய கணக்கு கொடுக்கவில்லை. வீட்டுப்பாடத்தைவிடக் கடினமானவற்றைக் குழுவாகப் போடச் சொன்னார். "நீ பலவீனமானவன், உனக்குத் தனி வகுப்பு" என்ற முத்திரை இல்லாமல் போனதே பாதி வெற்றி.

மூன்று அல்லது நான்கு பேர் சரியான அளவு. ஆறு பேரானால் இருவர் பேச, நால்வர் பார்ப்பார்கள். சந்திக்கும் முன் ஒவ்வொருவரும் தனியாக முயன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நகலெடுக்கும் கூட்டமாகிவிடும். மிகக் குறைவாகப் புரிந்தவர் பலகையில் எழுத வேண்டும், நன்றாகத் தெரிந்தவர் பேனாவைத் தொடக்கூடாது. 90 நிமிடத்தில் கலைந்துவிடுங்கள்.

நமக்கு இங்கே இடமில்லை என்ற உணர்வும் இப்படிப்பட்ட குழுவில்தான் கரையும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவ மாணவியரிடையே செய்து 2015இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் இப்படித் தோன்றுவது எல்லாருக்கும் இயல்பு, நாளடைவில் சரியாகும் என்று சீனியர்களின் சொற்களில் கேட்க வைத்தார்கள். ஆண்கள் மிகுதியாக உள்ள துறைகளில் படித்த மாணவியரின் மதிப்பெண் உயர்ந்தது. சீனியர்களே, நீங்கள் முதல் செமஸ்டரில் எதில் தடுமாறினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்று ஜூனியரிடம் பத்து நிமிடம் பேசினால் அது பேருதவி. "அந்த பேப்பர் தேறவே முடியாது" என்று பயமுறுத்துவது அதே அளவுக்குக் கெடுதல்.

கற்பிப்பவர்களுக்கு

முதல் தேர்வை நான்காம் வாரத்துக்கு முன்பே, குறைந்த மதிப்பெண்ணுக்கு வையுங்கள். முதல் அடி சிறியதாக இருக்கட்டும், திருத்திக்கொள்ள வாரங்கள் மீதமிருக்கட்டும். தாளைத் திருப்பித் தரும்போது கூடவே அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் தயாரானீர்கள், அதில் எவ்வளவு வாசிப்பு, எவ்வளவு போட்டுப் பார்த்தது, இழந்த மதிப்பெண்ணில் எத்தனை கருத்துப் பிழை, எத்தனை கணக்குப் பிழை, எத்தனை நேரமின்மை. அதை வாங்கி வைத்து, அடுத்த தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

50 நிமிடத்தில் குறைந்தது இரண்டு முறை நிறுத்தி, மாணவர்களே ஏதாவது செய்ய வேண்டும். ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், செயல்வழி வகுப்புகளில் 21.8 சதவீதம். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஹார்வர்டில் டெலோரியரும் உடன் பணியாற்றியவர்களும் இயற்பியல் வகுப்பில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். திணறுவதைப் புரியாமையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனவே முதல் வாரமே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஊக்கக் குறைவு என்று பெயர் சூட்டக்கூடாத சில

இரவு இரண்டு மணிக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழுபவருக்கு எந்த முறையும் வேலை செய்யாது. முதலில் ஒரு வாரம் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஆர்வம் பற்றிப் பேசலாம். ஃபோன் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறையில் இருக்க வேண்டும். "நாளைக்குப் படிக்கிறேன்" என்பது ஓடாது. "இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும், நூலக மேசையில், மெக்கானிக்ஸ் மூன்றாம் கணக்கு" என்று எப்போது, எங்கே, எது மூன்றையும் கட்டிவைத்தால் ஓடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, பிடித்த விளையாட்டும் நண்பர்களும்கூட வேண்டாம் என்று தோன்றுகிறது, தூக்கமோ சாப்பாடோ மாறிவிட்டது என்றால் அது படிப்பார்வப் பிரச்சினை இல்லை. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். அறைத்தோழர்தான் இதை முதலில் கவனிப்பவராக இருப்பார். கூடவே போய் வாருங்கள்.

தவறான பிராஞ்சில் சேர்ந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தை முதல் செமஸ்டரில் முடிவு செய்யாதீர்கள். முதலாண்டுப் பாடங்கள் எல்லாத் துறைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அவற்றை வைத்துத் துறையை எடைபோட முடியாது. மூன்றாம் செமஸ்டர் பாடப்புத்தகம் இரண்டைச் சீனியரிடம் வாங்கி முதல் இரண்டு அத்தியாயத்தை வாசியுங்கள், துறை லேபில் ஒரு மதியம் நின்று பாருங்கள். பிராஞ்ச் மாற விதி அனுமதித்தால் கடைசி நாள் எது, எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேப்பர் போய்விட்டால், முடிவு வந்த வாரத்திலேயே அந்தக் கேள்வித்தாளை எடுத்து மூன்று நிறப் பேனாவால் குறியுங்கள். இப்போதே போட முடிவது பச்சை, பாதிவழி போவது நீலம், தொடக்கமே தெரியாதது சிவப்பு. தேறத் தேவையான மதிப்பெண்ணுக்குப் பச்சையும் நீலமும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். சிவப்பை முழுவதும் ஒதுக்கிவிட்டு, நீலத்தில் ஒன்றை எடுத்து, நின்ற வரியில் கோடு போட்டு, அன்றே தொடங்குங்கள்.